பர்லெஸ்க் இசை: மெட்டு எங்கிருந்து வந்தது, உறுமல் எப்படி வருகிறது

பர்லெஸ்க் என்பது நகைச்சுவையும் ஆடை களையும் ஆட்டமும் கலந்த அமெரிக்க மேடைக் கேளிக்கை. அதன் பழைய இசை என்றதும் பலர் காதில் ஒலிப்பது டேவிட் ரோஸின் 'தி ஸ்ட்ரிப்பர்' தான். டிராம்போன் வழுக்கிக்கொண்டு வரும், டிரம் இடிக்கும், கேட்பவருக்குச் சிரிப்பு வந்துவிடும். வயலின் கூட்டத்துக்கு மென்மையாக எழுதிப் பேர் வாங்கியவர் 1958இல் கிண்டலாகப் பதிவு செய்து வைத்த மெட்டு அது. 1962இல் 'எப் டைட்' இசைத்தட்டின் பின்பக்கத்தை நிரப்பப் போட்டார்கள். பின்பக்கம் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது!

மற்ற மெட்டுகளும் கிளப்புக்கு வெளியே பிறந்தவைதான். 'நைட் டிரெய்ன்' ஜாஸ் குழுத் தலைவர் டியூக் எல்லிங்டனின் ரயில் மெட்டொன்றிலிருந்து அவர் குழுவில் வாசித்த ஜிம்மி ஃபாரஸ்ட் உருவியது. 'ஹார்லெம் நாக்டர்ன்' 1939இல் ஏர்ல் ஹேகன், எல்லிங்டனின் ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர் ஜானி ஹாட்ஜஸை மனதில் வைத்து எழுதியது. ஆகவே என் கட்சி இது: தரக்குறைவு என்று ஒதுக்கும் இந்த இசையில் பாதி எல்லிங்டன் வீட்டுச் சொத்து. எல்லிங்டன் குழு வாசித்த நியூயார்க் காட்டன் கிளப்பில் பபர் மைலியின் டிரம்பெட்டும் 'டிரிக்கி சாம்' நான்டனின் டிராம்போனும் உறுமிய உறுமல்தான் பிறகு மலிவு மேடைகளில் இடுப்பாட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த உறுமலுக்கு வேண்டிய கருவி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். கழிப்பறை அடைப்பெடுக்கும் பிளஞ்சரின் ரப்பர்க் கிண்ணம், கைப்பிடியைக் கழற்றிவிட்டு. நான்டன் டிராம்போனின் விரிந்த முன்வாய்க்குள், ஒலியை அடக்கும் அடைப்பான சின்ன டிரம்பெட் மியூட் ஒன்றையும் செருகி, வெளியே கிண்ணத்தைத் திறந்து மூடுவார். 'யா யா' என்று ஆள் பேசுவது போலவே இருக்கும். சாக்ஸபோனில் வழி வேறு: ஊதிக்கொண்டே தொண்டையில் முனக வேண்டும். வாசிக்கும் அதே சுருதியில் முனகினால் கரகரப்பு வராது. சுருதி விலகி இருக்க வேண்டும், இரண்டும் மோதும்போதுதான் அந்த அழுக்கு பிறக்கும்.

டிராம்போன் வழுக்கலில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். நீட்டிச் சுருக்கும் குழாயான ஸ்லைடின் ஏழு நிலைகளுக்குள் அறுந்துபோகாமல் வழுக்கக்கூடியது ஆறு அரைச்சுரம்தான், உதாரணமாக ஏழாம் நிலையின் இ சுரத்திலிருந்து முதல் நிலையின் பி ஃபிளாட் சுரம் வரை. அதற்கு மேல் ஆசைப்பட்டால் நடுவே ஒரு படி தட்டும். நடுவில் நாக்கு படக்கூடாது, காற்று குறையக்கூடாது. கை முதலில் சோம்பலாக, கடைசியில் வேகமாக. சீராக இழுத்தால் ஆம்புலன்ஸ் சைரன்.

வடிவம் பெரும்பாலும் பன்னிரண்டு அளவு புளூஸ், அதாவது பன்னிரண்டு தாளவட்டங்களில் முடிந்து மறுபடி தொடங்குவது. வட்டத்துக்கு நான்கு அடி, ஒவ்வோர் அடியும் மூன்றாகப் பிரியும். நம் திஸ்ர நடை தெரிந்தவருக்கு உடனே பிடிபடும். இன்று மேடையேற்றுபவர்கள் செய்யும் பெரிய தப்பு வேகம். மெதுவாக வாசிக்கப் பயந்து மூன்றாவது துண்டை விழுங்கிவிடுகிறார்கள். அசைவு போய் அணிவகுப்பாகிவிடுகிறது. இரண்டாவது தப்பு ரிம்ஷாட் என்ற டிரம் அடி. குச்சியின் நுனி தோலிலும் தண்டு விளிம்பிலும் ஒரே கணம் பட வேண்டும். விளிம்பு மட்டும் பட்டால் 'டிக்', அவ்வளவுதான்.

இந்தக் குழுவில் உண்மையான தலைவர் டிரம்மர். அவர் கண் காகிதத்தில் இருக்காது, ஆடுபவரின் இடுப்பில் இருக்கும். இடுப்பு வெட்டும் கணத்தில் பேஸ் டிரம் விழ வேண்டும். சற்றுத் தாமதமானாலும் நகைச்சுவை செத்தது. மற்ற வாத்தியங்கள் அவருக்காகக் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பில்தான் இந்த இசையின் கவர்ச்சி முழுவதும் இருக்கிறது என்பேன், நிர்வாணத்தில் அல்ல.

1937இல் நியூயார்க் நகரம் பர்லெஸ்க் அரங்குகளின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்துக் கதையை முடிக்கப் பார்த்தது. 1960களின் தொடக்கத்தில், அந்த மேடைகளின் நட்சத்திரம் ஆன் கோரியோ பெயரில் இல்லத்தரசிகளுக்கென்றே இசைத்தட்டு வந்தது, கணவர் முன் ஆடுவது எப்படி என்ற செய்முறைக் கையேட்டோடு. வாசிப்பு அட்டகாசம். என்ன, தட்டிலிருக்கும் டிரம்மருக்கு அந்த வீட்டு வரவேற்பறை தெரியாது. அவர் பாட்டுக்கு அடித்துக்கொண்டே போவார்.