எத்தனை மாடு, எந்தச் சரிவு, எந்த மாதம்?

மாடு காட்டை அழிக்கிறது என்று ஒரு தரப்பு எழுதுகிறது, மாடு மேய்ந்தால்தான் காடே பிழைக்கும் என்று இன்னொரு தரப்பு எழுதுகிறது. எத்தனை மாடு, எந்தச் சரிவு, எந்த மாதம் என்று இரண்டு பேருமே கேட்பதில்லை. தேனி மாவட்டத்து மலையடிவாரத்தைப் பொறுத்தவரை இந்த மூன்றையும் முடிவு செய்யாமல் எந்த உத்தரவு போட்டாலும் உதவாது என்பதுதான் என் கருத்து.

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் எதிலுமே கால்நடை மேய்க்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அதே மாதத்தில் அதைத் திருத்தி தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. ஆனால் தேனி மாவட்டத்து மேகமலைப் பக்கம் 2021லேயே ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டதால், அங்கே மலைமாடு வைத்திருக்கிறவர்களுக்கு அந்தத் திருத்தத்தால் பெரிதாக எதுவும் மாறவில்லை. 2006 வன உரிமைச் சட்டமோ மேய்ச்சலைச் சமூக உரிமை என்றே சொல்கிறது, இடம் மாறி மேய்க்கிறவர்களையும் சேர்த்து.

இந்த மாடுகள் வருடம் முழுக்க மலையில் கிடப்பவை இல்லை. கீழே வயலில் பயிர் நிற்கும்போது மேலே போகும், அறுவடை முடிந்ததும் இறங்கிவந்து தரிசில் கிடை போடும், சாணமும் கோமியமும் நிலத்துக்கு, அதற்கான கூலி மந்தையை நடத்தும் கீதாரிக்கு. தை மாதம் வாடிவாசலில் புலிக்குளம் காளையைப் பார்த்து விசில் அடிக்கிறோமே, அதன் தாய் எங்கே மேய்ந்தது என்று கேட்கிறோமா? பசுவுக்குப் புல் இல்லாமல் காளை எங்கிருந்து வரும்?

சரி, அதற்காக மேய்ச்சலால் கெடுதலே இல்லை என்று நான் சொல்லவில்லை. முதல் மழையில் முளைத்த புல்லை வேர் பிடிக்கும் முன்பே மாடு கடித்தால் அந்த இடம் அந்த வருடம் தேறாது. ஒரே ஓடைக்கரையில் தினமும் நூறு மாடு இறங்கினால் மண் இறுகிவிடும், மழைநீர் உள்ளே இறங்காமல் மண்ணை அரித்துக்கொண்டு ஓடும், வருசநாட்டு மலையில் அரித்த மண் வைகை அணையில்தான் போய்ப் படியும். அந்தத் தண்ணீரை நம்பித்தான் மதுரையும் ராமநாதபுரமும் இருக்கின்றன. மாடு உண்ணிச்செடியைத் தொடாது, சுற்றியிருக்கிற நல்ல புல்லை மட்டும் ஒட்டக் கடித்துவிடும், அப்புறம் உண்ணிச்செடி பரவ வழி கிடைக்கும், காட்டுமாட்டுக்கும் கடமானுக்கும் தீனி போகும். கோமாரி தடுப்பூசி போடாத மாடு மேலே போனால் நோய் காட்டுமாட்டுக்கும் தாவலாம். புலி குட்டி போடும் உள்காட்டில் மாடு வேண்டாம் என்பதில் எனக்கு மறுபேச்சே இல்லை.

ஆனால் அடிவாரத்தில் புல்லை அப்படியே விட்டுவிடுவதும் பராமரிப்பு ஆகாது. 2018 மார்ச் 11 அன்று இதே மாவட்டத்தின் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காய்ந்த புல்லில், மேட்டை நோக்கி, காற்றோடு தீ ஏறும் வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. மாடு மேய்ந்திருந்தால் அது நடந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன், முற்றிக் காய்ந்த போதைப்புல் என்ற மலைப்புல்லை மாடு தொடவே தொடாது. ஆனால் மற்ற புல் விதை உதிர்த்த பிறகு, கோடைக்கு முன்னால், பாதைகளை ஒட்டி முறை வைத்து மேய்த்தால் எரிவதற்குக் கிடைக்கும் புல் குறையும். அதோடு மலைச்சரிவில் புகையை முதலில் பார்ப்பதும் அநேகமாக மாடு மேய்க்கிறவராகத்தான் இருக்கும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இங்கேதான். 2024ல் அரசே 40 பாதைகளில் மலையேற்றத்தைத் திறந்தது, ஆன்லைனில் சீட்டு, கூட வழிகாட்டி, ஆள் கணக்கு எல்லாம் உண்டு. நல்ல ஏற்பாடு, வரவேற்கிறேன். சுற்றுலாவுக்கு ஆள் கணக்கும் பாதையும் பருவமும் வகுக்க முடிகிறது என்றால், தலைமுறையாக அந்த மலையை அறிந்தவருக்கு மாட்டுக் கணக்கும் சரிவும் மாதமும் வகுத்துக் கொடுக்க ஏன் முடியாது?

அக்டோபர் 2 கிராமசபைக்கு வருசநாடு, கடமலைக்குண்டு, மயிலாடும்பாறைப் பக்கம் இருக்கிறவர்கள் தயவுசெய்து போங்கள். மேய்ச்சல் உரிமை மட்டும் கேட்காதீர்கள், எந்த ஓடைக்கரையை எத்தனை மாதம் மூடுவோம், ஒரு கிடைக்கு எத்தனை மாடு, தடுப்பூசி எப்போது என்பதையும் சேர்த்து ஒரே தீர்மானமாக எழுதிக் கொடுங்கள்.