ரெண்டு படம் போட்டால் போதாது

இரண்டு செயற்கைக்கோள் படங்கள்: இடப்பக்கம் நீர் நிறைந்த ஏரி, வலப்பக்கம் வெளுத்துப்போன நிலம். மேலே "ஏரியைக் காணோம்" என்று ஒரு வரி. இப்படிப் பகிர்கிறவர்களின் அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பல நேரம் முதல் படம் ஜனவரியில் எடுத்தது, அடுத்தது ஜூனில் எடுத்தது. 2019 ஜூனில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு கிடந்தன. அந்த மாதப் படத்தை வைத்து ஆக்கிரமிப்பு என்று சொன்னால் எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் தட்டிவிடும். நிஜமாகவே மண் கொட்டி மூடிய மூலையும் அந்தத் தள்ளுபடியிலேயே தப்பிவிடும்.

கட்டடப் பகுதியைக் கண்டுபிடிக்க எல்லாரும் எடுப்பது என்டிபிஐ என்ற குறியீட்டு எண். ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுத்த படத்தில் பி11 பட்டையிலிருந்து (குற்றலை அகச்சிவப்பு) பி8ஐ (அண்மை அகச்சிவப்பு) கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். கான்கிரீட்டுக்கு இந்த எண் ஏறும். காய்ந்து வெடித்த ஏரி வண்டலுக்கும் ஏறும். ஒற்றை நாள் படத்தில் இரண்டையும் பிரிக்க முடியாது.

பிரிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு வருடத்துப் படங்கள் அத்தனையையும் எடுத்து, மேகத்தையும் மேக நிழலையும் நீக்குங்கள் (நிழலை விட்டுவைத்தால் அது தண்ணீராகத் தெரியும்). ஒவ்வொரு பிக்சலுக்கும் (படத்தின் மிகச்சிறிய சதுரம்) அந்த வருடத்தின் உச்ச என்டிவிஐ (பசுமையைக் காட்டும் எண்), உச்ச என்டிடபிள்யூஐ (நீரைக் காட்டும் எண்) இரண்டையும் பாருங்கள். வீடு பன்னிரண்டு மாதமும் வீடுதான். ஏரிப்படுகை ஒரு மாதமாவது நீரையோ கோரையையோ காட்டிவிடும். இரண்டு உச்சமும் தாழ்ந்தே இருந்தால்தான் அந்த இடத்தைச் சந்தேகப்பட வேண்டும். மழை பொய்த்த காலமென்றால் இரண்டு மூன்று வருடம் சேர்த்துப் பாருங்கள். கல்குவாரி மட்டும் இதிலும் ஏமாற்றும். அதைக் கையால்தான் நீக்க வேண்டும்.

சீமைக் கருவேலம் இதைவிடப் பெரிய ஏமாற்று. நெல் விளைந்த நிலத்தைப் பிளாட் போடுவதற்காகத் தரிசாக விட்டால் சில வருடத்தில் கருவேலம் மண்டிவிடும். சராசரி என்டிவிஐ கூடும், "பசுமை அதிகரிப்பு" என்று வரைபடம் சொல்லும். விவசாயம் செத்ததைத்தான் அது அப்படிச் சொல்கிறது. மாதவாரியாகக் கோடு போட்டால் விஷயம் வெளிவரும். நெல்லுக்குக் கோடு செங்குத்தாக ஏறி, அறுப்போடு சடாரென விழும். கருவேலத்துக்குக் கோடையிலும் பெரிதாக இறங்காது. நகர விளிம்பில் முதலில் நடக்கும் மாற்றமே இதுதான், வீடு பிறகுதான் வரும்.

2022 ஜனவரி 25க்குப் பிறகு தயாரான சென்டினல்-2 கோப்புகளில் பிக்சலின் எல்லா எண்ணோடும் 1000 கூட்டி வைத்திருக்கிறார்கள். கழிக்க மறந்தால் என்ன ஆகும்? அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பதுதான் என்டிவிஐ. அகச்சிவப்பு 3000, சிவப்பு 500 என்றால் அது 0.71. அதே பயிர் 4000, 1500 என்று வந்தால் 0.45. ஒரு இலைகூட உதிராமல் பசுமை சரிந்ததாகத் தெரியும். செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே அலச உதவும் கூகுள் எர்த் எஞ்சினில் 'ஹார்மனைஸ்டு' என்று பெயருள்ள தொகுப்பை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

அளவையும் மனதில் வையுங்கள். அமெரிக்கச் செயற்கைக்கோளான லேண்ட்சாட்டின் 30 மீட்டர் பிக்சல் ஏறக்குறைய நாலு கிரவுண்டு. சென்டினலின் 10 மீட்டர் பிக்சல் அரை கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. கரையோரத்தில் ஒரு வீடு முளைத்ததை லேண்ட்சாட்டில் தேடாதீர்கள்.

"இத்தனை ஹெக்டேர் போச்சு" என்று எண் சொல்வதற்கு முன் இன்னொன்று. தலா 90 சதவீதம் சரியான, இரண்டு வெவ்வேறு வருடத்து வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், பிழைகள் தனித்தனியாக விழும்போது இரண்டிலும் சரியாக இருக்கும் இடம் 81 சதவீதம்தான். மாற்றமென்று தெரிவதில் பாதி பிழையாகவே இருக்கக்கூடும். மாறியதாகக் காட்டும் பகுதியில் குலுக்கல் முறையில் நூறு புள்ளியாவது எடுங்கள், மாறாத பகுதியிலும் எடுங்கள். கூகுள் எர்த்தின் பழைய படங்களில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, எத்தனை தவறு என்று எண்ணி, பரப்பைத் திருத்துங்கள். ஒரு முழு நாள் வேலை. பதிவில் படத்தோடு தேதி, செயற்கைக்கோள் பெயர், இந்தப் புள்ளிக் கணக்கு மூன்றும் இருக்கட்டும்.