20 பேரை வைத்து ஒரு நகரத்தின் கூலியைச் சொல்லலாமா?

"குடியேறிகள் வந்தால் உள்ளூர்க்காரர்களின் கூலி குறையும், ஆய்வே சொல்லிவிட்டது" என்று யாராவது அடித்துப் பேசினால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எத்தனை பேரை வைத்துச் சொன்ன ஆய்வு?

1980 ஏப்ரலில் ஃபிடல் காஸ்ட்ரோ, போக விரும்புகிறவர்கள் போகலாம் என்று கியூபாவின் மரியேல் துறைமுகத்தைத் திறந்துவிட்டார். அக்டோபருக்குள் சுமார் 1,25,000 கியூபர்கள் படகேறி ஃப்ளோரிடா போய்ச் சேர்ந்தார்கள். பாதிப் பேர் மயாமியிலேயே தங்கிவிட, அந்த நகரத்தில் வேலைக்கு நிற்பவர்களின் எண்ணிக்கை சில மாதங்களில் 7 சதவீதம் கூடியது. வந்தவர்களில் பலர் பள்ளியைக்கூட முடிக்காதவர்கள்.

பொருளியலாளர் டேவிட் கார்டு 1990இல் இதை ஆராய்ந்தார். அமெரிக்க அரசு மாதந்தோறும் வீடுகளில் நடத்தும் 'கரண்ட் பாப்புலேஷன் சர்வே'யை எடுத்து, மயாமியை அட்லாண்டா, ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ், டாம்பா நகரங்களோடு ஒப்பிட்டார். கியூபர் அல்லாத எளிய தொழிலாளர்களின் கூலியிலும் வேலையின்மையிலும் படகுகளால் வந்த பாதிப்பு என்று எதுவும் அகப்படவில்லை. 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இந்த ஆய்வுக்கும் பங்குண்டு.

கால் நூற்றாண்டு கழித்து ஹார்வர்டு பேராசிரியர் ஜார்ஜ் போர்ஹாஸ் அதே சர்வேயைத் திரும்பப் புரட்டினார். அவரே ஹவானாவில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா வந்தவர். பள்ளியை முடிக்காத, ஹிஸ்பானியர் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்தவர்) அல்லாத, 25 முதல் 59 வயது வரையிலான ஆண்களை மட்டும் தனியே பிரித்தார். அவர்களுடைய கூலி 10 முதல் 30 சதவீதம் வரை சரிந்தது என்றார். கேள்வி நியாயமானது. அடிமட்டத்தில் இருப்பவன் அடிபட்டால் சராசரியில் அது தெரியாது, அவனைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். ஆனால் இப்படிச் சலித்துக்கொண்டே போனபின் மயாமியில் ஆண்டுக்குச் சுமார் 20 பேர்தான் மிஞ்சினார்கள்.

சரி, அந்த 20 பேர் யார்? மைக்கேல் கிளெமன்ஸ், ஜெனிஃபர் ஹன்ட் என்ற இரு பொருளியலாளர்கள் அதைத் தோண்டினார்கள். 1980ஐ ஒட்டி அந்தச் சாம்பிளில் கறுப்பின ஆண்களின் பங்கு சட்டென்று ஏறியிருந்தது. ஏழைக் கறுப்பின ஆண்கள் கணக்கில் விடுபட்டுப்போவது அங்கே நீண்டகாலக் குறை. அதைச் சரிசெய்ய சென்சஸ் அலுவலகம் முயற்சி எடுத்ததும் அதே சமயத்தில்தான். முன்பிருந்தே குறைந்த கூலி வாங்கியவர்கள் கணக்குக்குள் வந்ததும் சராசரி தானாக இறங்கும். யாருடைய சம்பளமும் ஒரு டாலர்கூடக் குறைந்திருக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, அதே ஆண்டு ஹெய்தியிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். பிறந்த நாடு எது என்று சர்வே வழக்கமாகக் கேட்கத் தொடங்கியது 1994இல்தான். அதனால் புதிதாக வந்த ஹெய்திக்காரரும் உள்ளூர்க் கறுப்பினத்தவராக எண்ணப்பட்டிருக்கலாம். ஜொவான்னி பெரியும் வாசில் யாசெனோவும் பெரிய சாம்பிளை வைத்துப் பார்த்தபோது அந்தச் சரிவு தென்படவில்லை. போர்ஹாஸ் இந்த மறுப்புகளை ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு கிளெமன்ஸ், ஹன்ட் சொல்வதே வலுவாகப் படுகிறது.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. அதுவரை யாரும் எண்ணாமல் விட்ட ஏழைகளைக் கடைசியில் ஒருவழியாக எண்ணினார்கள். அந்த நல்ல காரியம் வேறு ஏழைகளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. 2017 ஆகஸ்டில், சட்டப்படி வரும் குடியேறிகளைப் பாதியாகக் குறைக்கும் மசோதாவுக்கு ஆதாரம் எங்கே என்று நிருபர்கள் கேட்டபோது, டிரம்ப்பின் ஆலோசகர் ஸ்டீபன் மில்லர் வெள்ளை மாளிகையில் நின்று எடுத்துக்காட்டியது போர்ஹாஸின் இந்த மரியேல் ஆய்வைத்தான்.

2025இல் இன்னொரு கூத்து. அமெரிக்காவில் பிறந்தவர்களுக்கு வேலை குவிகிறது என்று அரசு இதே சர்வேயைக் காட்டிப் பெருமை பேசியது. இந்த சர்வே மொத்த மக்கள்தொகையைத் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. முன்கூட்டியே மதிப்பிட்டு வைத்த மொத்தத்துக்கு ஏற்ப பதில்களைப் பெருக்கிக் கூட்டுகிறார்கள். குடியேறிகள் நாட்டை விட்டுப் போனாலோ, பயந்து பதில் சொல்லாமல் இருந்தாலோ, அந்த இடத்தை நிரப்ப அங்கேயே பிறந்தவர்களின் எண்ணிக்கை காகிதத்தில் வீங்கும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் 90 சதவீதத்தை ஒட்டி இருந்த பதில் விகிதம் இப்போது 70க்கும் கீழே வந்துவிட்டது.

நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் இருக்கும் நம் நண்பர்களுக்கு: அந்த சர்வேக் கடிதம் உங்கள் வீட்டுக்கு வந்தால் தயவுசெய்து பதில் சொல்லுங்கள். கட்டாயமில்லை. நீங்கள் சொல்வதைத் தனிநபர் விவரமாக வேறு துறைகளுக்குக் கொடுக்கச் சட்டமும் அனுமதிப்பதில்லை.