டார்பிடோ இல்லை, பாறைதான்

மேலே ஒருவர் ‘எஸ்.எஸ். பொலிடீஷியன் ஜெர்மன் நீர்மூழ்கி அடித்து மூழ்கிய கப்பல். கரையில் ஒதுங்கிய விஸ்கியைத் தீவுக்காரர்கள் எடுத்துக் குடித்தார்கள், யாரும் கேட்கவில்லை’ என்று போட்டிருக்கிறார். போர்க்காலக் கப்பல் என்றாலே டார்பிடோ என்று நினைத்துவிடுகிறோம் போல. லிவர்பூலில் கிளம்பி ஜமைக்கா, நியூ ஆர்லியன்ஸ் போகவேண்டிய சரக்குக் கப்பல் அது. 1941 பிப்ரவரி 5 அன்று மோசமான வானிலையில் ஸ்காட்லாந்தின் எரிஸ்கே தீவருகே பாறையில் ஏறித் தரைதட்டியது. மாலுமிகள் அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

விஸ்கி தானாகக் கரை ஒதுங்கவில்லை. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பாட்டில்கள் கப்பலின் 5-ஆம் அறையில் இருந்தன. எண்ணெய் கலந்த கடல்நீர் நிறைந்த அந்த அறைக்குள் ராத்திரியில் இறங்கித்தான் தூக்கினார்கள். உடுப்பில் ஒட்டிய எண்ணெய்க் கறையே காட்டிக்கொடுத்துவிடும்! ஏற்றுமதிச் சரக்கு, தீர்வை கட்டாதது. சுங்கத்துறை சும்மா விடுமா? வீடு வீடாகச் சோதனை, வழக்கு, சிலருக்கு இன்வர்னஸில் சிறை. 1942-இல் மிச்சமிருந்த கப்பல் பாகத்தை வெடிவைத்தே தகர்த்தார்கள். சரக்கில் ஜமைக்காவின் 10 ஷில்லிங் நோட்டுகளும் கட்டுக்கட்டாக இருந்தன, அதை ஏனோ இங்கே யாரும் சொல்வதே இல்லை.