ஆங்கிலம் தொலைத்த 'நீ'

பள்ளியில் தினமும் காலையில் பரமண்டல ஜெபத்தை ஆங்கிலத்தில் சொல்வோம். அதில் வரும் 'தை நேம்' என்பதை வைத்து, 'தௌ' (thou), 'தீ' (thee), 'தை' (thy) எல்லாம் ஆண்டவருக்கென்றே எடுத்து வைத்த மரியாதைச் சொற்கள் என்று நம்பியிருந்தேன். தமிழ் வேதாகமத்திலும் 'உம்முடைய நாமம்' என்றுதானே இருக்கிறது. இன்றும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். விஷயம் நேர் எதிர். 'தௌ' என்றால் வெறும் 'நீ'.

பழைய ஆங்கிலத்தில் ஒருவரோடு பேசினால் 'தௌ', பலரோடு பேசினால் 'யீ'. அந்த 'யீ'யின் வேற்றுமை வடிவம்தான் இன்றைய 'யூ'. ஜெர்மனின் 'டூ', இந்தியின் 'தூ', சமஸ்கிருத 'தத் த்வம் அஸி'யில் வரும் 'த்வம்' எல்லாம் 'தௌ'வுக்குச் சொந்தக்காரர்கள். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சின் செல்வாக்கு ஏறியது. 13ஆம் நூற்றாண்டு வாக்கில், பெரியவர் ஒருவரையே பன்மையில் அழைக்கும் வழக்கம் ஆங்கிலத்திலும் ஒட்டிக்கொண்டது. நாம் 'நீங்கள்' போடுகிறோமே, அதே கணக்கு.

அப்புறம் 'தௌ' நெருங்கியவருக்கும் கீழே இருப்பவருக்கும் மட்டும் என்றானது. 1603இல் இங்கிலாந்தின் வின்செஸ்டரில், கடலோடி வால்டர் ராலே மீது ராஜத்துரோக வழக்கு நடந்தது. அட்டர்னி ஜெனரல் எட்வர்ட் கோக் அவரைப் பார்த்து, 'உன்னை நீ என்றுதான் சொல்வேன், துரோகியே' என்று சீறினார். நம் செய்தித்தாள்கள் 'ஒருமையில் பேசினார்' என்று எழுதுமே, அதற்கு அன்றைய ஆங்கிலத்தில் 'தௌ' என்றே ஒரு வினைச்சொல் இருந்தது. கோக் சொன்னது அதைத்தான்.

அதே நூற்றாண்டில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கிளம்பினார்கள். ஒற்றை ஆளைப் பன்மையில் அழைப்பது முகஸ்துதி, நீதிபதியானாலும் பிரபுவானாலும் 'தௌ'தான் என்றார்கள். தாமஸ் எல்வுட் என்ற இளைஞர் சொந்த அப்பாவை அப்படி அழைத்து அடி வாங்கினார்.

கடைசியில் எல்லோரும் 'யூ' ஆகிவிட்டார்கள். இதைச் சமத்துவத்தின் வெற்றி என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. குவேக்கர்கள் கேட்டது எல்லோருக்கும் 'நீ'. கிடைத்தது எல்லோருக்கும் 'நீங்கள்'. பெற்ற தாய்க்கும் பேங்க் மேனேஜருக்கும் ஒரே சொல் என்றால், தொலைந்தது நெருக்கம்தான்.

1611இல் வந்த ஜேம்ஸ் அரசர் வேதாகமத்தில் கடவுள் மனிதனை அழைப்பதும் 'தௌ', மனிதன் கடவுளை அழைப்பதும் 'தௌ'. தமிழில் அவர் நம்மிடம் 'கொலை செய்யாதிருப்பாயாக' என்கிறார், நாம் திரும்ப 'நீர்' என்கிறோம். சிவனை 'நீ' என்று உரிமையோடு கூப்பிடும் தேவாரம்தான் அந்த 'தௌ'வுக்கு நெருக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயரில் வயதானவர்கள் சிலர் இன்னும் பேச்சில் 'தா' என்கிறார்கள். அது இந்த 'தௌ'தான்.