செத்தவீட்டில் நாங்கள் கேட்கும் அந்தக் கேள்வி

யாழ்ப்பாணத்தில் ஒருவர் திடீரென்று இறந்துபோனால், முற்றத்தில் பந்தல் போட்டு முடிவதற்கு முன்னரே ஒரு கேள்வி அந்த வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது: "ஏன் பிள்ளை, நேரத்தோட கொண்டுபோய்க் காட்டியிருக்கலாமே?" கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். வேலையை விட்டுவிட்டு, செய்தி கேட்ட அதிர்ச்சி மாறாமல், உண்மையான துயரத்தோடு வந்து நிற்பவர்கள்தான். ஆனாலும் அந்தக் கேள்வியை நாங்கள் கைவிட வேண்டும். கேட்பவரின் வாயில் அது ஆதங்கமாக இருக்கலாம். தகப்பனை இழந்து சில மணி நேரமே ஆன ஒரு பிள்ளையின் காதில் அது குற்றச்சாட்டாகவே விழுகிறது.

என் தாயாரின் ஒன்றுவிட்ட தம்பி, நான் மாமா என்று அழைத்தவர், சென்ற ஆண்டு இறந்தார். (அவருடைய மகள் சம்மதித்த பின்னரே இதனை எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் தவிர்க்கிறேன்.) அறுபது வயது கடந்தவர், சில ஆண்டுகளாகச் சீனி வருத்தத்திற்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர். முதல்நாள் பின்னேரம் நெஞ்சுக்குள் எரிகிறது என்றார். மாமி ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். குடித்துவிட்டு, சுகமாக இருக்கிறது என்று சொல்லிப் படுத்தார். விடியப்புறம் கிணற்றடிக்குப் போனவர் அங்கேயே விழுந்தார். அயலவர்கள் ஓடி வந்தார்கள், 1990 நோயாளர் காவு வண்டியும் வந்தது, ஆனால் உயிர் அதற்கு முன்னரே போய்விட்டது.

அன்று மத்தியானம் நான் கண்ட ஒன்றை மறக்க முடியவில்லை. உறவினர் ஒருவர், மாமாவின் கிளினிக் கொப்பியை அலுமாரியில் இருந்து எடுத்து, கூடத்தில் இருந்தபடியே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசியாகத் திகதி குறித்திருந்த பக்கத்தில் விரலை வைத்து, "இரண்டு மாசம் போகேல்லைப்போல கிடக்குது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மெல்லிய குரலில்தான் சொன்னார். ஆனால் தேநீர்த் தட்டோடு அந்த வழியாக வந்த மகள் அதனைக் கேட்டாள். வருகிற சனிக்கிழமை அப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள் என்பது அப்போது எங்கள் எவருக்கும் தெரியாது. பெட்டியின் தலைமாட்டில், தொரொன்டோவில் இருக்கும் மூத்த மகன் பார்ப்பதற்காகக் கைத்தொலைபேசி ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். அவனும் இவற்றில் எவ்வளவைக் கேட்டிருப்பானோ தெரியாது.

பல மாதங்களுக்குப் பிறகுதான் அந்த வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எனக்கு விளங்கியது. ஓமத்தண்ணீர் கொடுத்து வருத்தத்தை மறைத்துவிட்டேன் என்று மாமி தன்னைத்தானே வதைத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை வரைக்கும் பிற்போட்டதுதான் காரணம் என்று மகள் நம்பினாள். முதல்நாள் இரவு தகப்பன் வாட்ஸ்அப்பில் அழைத்தபோது வேலைத்தலத்தில் இருந்ததால் எடுக்காமல் விட்ட மூத்தவன், எடுத்திருந்தால் குரலிலேயே கண்டுபிடித்திருப்பேன் என்று நினைத்தான். மோட்டார் சைக்கிள் வாங்கித் தரவில்லை என்று தகப்பனோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்த கடைசி மகன், அந்த மனவருத்தமே அவருடைய இதயத்தை நிறுத்திவிட்டது என்று முடிவு கட்டியிருந்தான். ஒரே மரணத்தை நான்கு பேரும் தனித்தனியே தம் கையால் நடந்ததாகச் சுமந்தார்கள். மற்றவருக்குத் தெரிந்தால் வெறுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் எவரும் எவரிடமும் வாய் திறக்கவில்லை. ஒரே வீட்டுக்குள் இருந்தும் அழுகையைக்கூட ஒளித்தே அழுதார்கள்.

இது இந்தக் குடும்பத்திற்கு மட்டும் உரிய பலவீனம் அல்ல. 1942இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஓர் இரவு விடுதி தீப்பற்றி 492 பேர் இறந்தனர். அந்த அனர்த்தத்தில் உறவினரை இழந்தவர்களையும் வேறு வகையில் இழப்பைச் சந்தித்தவர்களையும் கவனித்த எரிக் லிண்டெமன் என்ற உளமருத்துவர், 1944இல் வெளியிட்ட கட்டுரையில், குற்ற உணர்வைத் துயரத்தின் முதன்மையான அடையாளங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டார். இறப்புக்கு முந்திய நேரத்தைத் திரும்பத் திரும்பக் கிளறி, தாம் எங்கே தவறவிட்டோம் என்று தேடுவதும், சிறிய கவனக்குறைவுகளையும் பெரிதாக்கிக் காண்பதும் அவர்களிடம் இருந்தன. ஒரு முடிவு தெரிந்த பின்னர், அது முன்னரே தெரிந்திருக்க வேண்டியதுதானே என்று மனிதர்கள் மிகையாக எண்ணிக்கொள்வதை பாருக் ஃபிஷ்ஹொஃப் என்ற உளவியலாளர் 1975இல் ஆய்வின் மூலம் காட்டினார். ஆக, குற்ற உணர்வு ஒருவரிடம் இருப்பதை அவர் குற்றம் செய்ததற்கான சாட்சியாகக் கொள்ள முடியாது. துயரப்படுகிற பலரிடம் அது இயல்பாகவே வரும். செத்தவீட்டுக்குப் போகிறவர்கள் அதற்கு மேலும் சாட்சியம் திரட்டிக் கொடுக்கத் தேவையில்லை.

வைத்தியத்தின் பக்கமாகப் பார்த்தாலும் "காட்டியிருக்கலாமே" என்ற பேச்சு அவ்வளவு நேரானது அல்ல. மாரடைப்பின் வலியையும் இரைப்பை எரிவையும் வைத்தியர்களே ஈசிஜி எடுத்து, இதயத் தசை பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கூடும் ட்ரோபொனின் என்ற புரதத்தைப் பார்த்துத்தான் வேறுபடுத்துகிறார்கள். நீண்டகாலம் நீரிழிவு உள்ளவர்களுக்கு நரம்புகள் பாதிக்கப்பட்டிருப்பதால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துடிக்கும் அந்த வழக்கமான வலி வராமலே மாரடைப்பு வரக்கூடும். இதயத் துடிப்பு நின்றுவிட்டால் நான்கைந்து நிமிடங்களுக்குள் மூளை பாதிக்கப்படத் தொடங்குகிறது. நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவி கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்திற்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 7 முதல் 10 வீதம் குறைகிறது. வலிகாமத்தின் ஒரு குச்சொழுங்கைக்குள் விடியப்புறம் விழுந்த மனிதருக்கு, எவ்வளவு விரைந்து வண்டி வந்தாலும், அந்த நிமிடங்கள் போதவில்லை.

எங்கள் மண்ணுக்கு இதில் இன்னொரு பாரமும் உண்டு. ஒரு தலைமுறை முழுவதும் எங்கள் தகப்பன்மார் ஷெல் விழுந்தும், 1995 இடப்பெயர்வின் வழியிலும், வன்னியிலும் இறந்தார்கள். அந்த மரணங்களின் கொடுமையை எதனோடும் ஒப்பிட மாட்டேன். ஆனால் எவர் கொன்றார் என்று சுட்டிக்காட்ட அவற்றில் வெளியே ஒரு கை இருந்தது. கிணற்றடியில் நேரும் மரணத்தில் அப்படிச் சுட்ட எவரும் இல்லை. காரணம் இல்லாத சாவை ஏற்றுக்கொள்ளப் பழகாத நாங்கள், வீட்டுக்குள்ளேயே ஒருவரைத் தேடுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. பெரும்பாலும் அது பெற்றோரோடு ஊரில் நின்றுகொண்ட பிள்ளையாகவே அமைந்துவிடுகிறது. வெளிநாட்டில் இருந்து "நீ பக்கத்தில இருந்தும் என்ன செய்தனீ?" என்று கேட்கப்படுவதும் அந்தப் பிள்ளையிடம்தான். அப்படிக் கேட்பவர், தான் அங்கே இல்லாமற் போனதன் வேதனையைத்தான் அந்த வடிவத்தில் கொட்டுகிறார் என்பதைக் கேட்கப்படுபவர் எப்படி அறிவார்?

வீட்டில் திடீரென நேரும் மரணத்தில், திடீர் மரண விசாரணை அதிகாரியும் பொலிஸாரும் வந்து, எப்போது வலி தொடங்கியது, அருகில் யார் இருந்தார், என்ன கொடுத்தீர்கள் என்று கேட்கிறார்கள். அது சட்டம் கோரும் நடைமுறை, தவிர்க்க முடியாது. மாமி அந்தக் கேள்விகளுக்கு ஒருமுறை பதில் சொல்லியாயிற்று. அதன்பின் எட்டுச் செலவு வரை வந்த ஒவ்வொருவருக்கும் அவர் அதே வாக்குமூலத்தைச் சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் சடங்குகளைக் குறை கூற இதனை எழுதவில்லை. சுண்ணம் இடிக்கும்போது திருப்பொற்சுண்ணம் பாடுவதும், காடாற்றுவதும், 31ஆம் நாள் கீரிமலைக்குப் போய் அந்தியேட்டி செய்வதும், ஆடி அமாவாசைக்குத் தகப்பனை நினைத்து விரதம் இருப்பதும், செய்வதறியாது நிற்கும் கைகளுக்கு வேலை கொடுக்கின்றன. துயரத்திற்கு நாள் குறித்துத் துணை நிற்கின்றன. ஆனால் அந்தியேட்டிக்கு அடித்துக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில் தகப்பனின் புகழுக்கு இருக்கும் இடம், அவரோடு சண்டை பிடித்த மகனின் மனதிற்கு இல்லை. அதற்கான இடத்தை மனிதர்கள்தாம் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் வருத்தத்தைக் கவனிக்காமல் விடுவதைப் பற்றிப் பேசவே கூடாதா என்று சிலர் கேட்பார்கள். பேச வேண்டும். நெஞ்செரிவை வாய்வு என்று ஒதுக்கும் பழக்கம் எங்களிடம் ஆழமாக இருக்கிறது. நீரிழிவு உள்ளவர் திடீரென வியர்த்தாலோ, தாடையிலோ கையிலோ நோவு என்றாலோ, மூச்சு முட்டினாலோ உடனே 1990ஐ அழைக்க வேண்டும் என்பதை வாசிகசாலையிலும் கோயில் மண்டபத்திலும் பாடசாலையிலும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இறந்தவரின் பிள்ளைகளும் தங்கள் சீனியையும் பிரஷரையும் பார்க்க வேண்டும். இவையெல்லாம் உயிரோடு இருப்பவரிடம் சொல்ல வேண்டியவை. பெட்டியருகில் இருக்கும் மகளிடம் சொல்வதால் எந்த உயிரும் மீளாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி 11 என்ற நோய்களின் வகைப்பாடு, ஆறு மாதங்களுக்கு மேலாகியும், அந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் மீறித் தொடர்ந்து, ஒருவரின் அன்றாட வாழ்வையே முடக்கிவிடும் துயரத்தைச் சிகிச்சைக்குரிய நிலையாகக் கொள்கிறது. அதற்கு முன்னரே "நானும் போயிருக்கலாம்" என்ற பேச்சு வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்திற்கு எந்நேரமும் அழைக்கலாம்.

மாமாவின் வீட்டில் மௌனத்தைக் கலைத்தவர் ஒரு வைத்தியர். உடற்கூற்றுப் பரிசோதனை அறிக்கையோடு போன மகளை இருத்தி வைத்து, இதயத்தின் இரத்தக் குழாய்கள் பல ஆண்டுகளாகவே ஒடுங்கி வந்திருக்கின்றன, ஓர் இரவில் வந்தது அல்ல இது, ஓமத்தண்ணீர் அதற்கு நன்மையோ தீமையோ செய்யவில்லை என்று தமிழில் பொறுமையாக விளக்கினார். அவள் வீட்டுக்கு வந்து அதனைத் தாய்க்கும் தம்பிக்கும் சொன்னாள். அன்றிரவே தமையனுக்கும் அழைத்துச் சொன்னாள். தன் சனிக்கிழமைக் கதையையும் அப்போதுதான் முதன்முதலாக வெளியே விட்டாள். அந்த வைத்தியர் தன்னிச்சையாகச் செய்த அதனை ஒவ்வொரு வைத்தியசாலையும் ஒழுங்காகவே செய்ய வேண்டும் என்பது என் கோரிக்கை. திடீரென ஒருவரை இழந்த குடும்பத்திடம் விளங்காத ஆங்கிலச் சொற்கள் நிறைந்த ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிடாமல், ஒரு கால் மணி நேரம் கதிரை போட்டு இருத்தி, நடந்தது இன்னதென்று சொல்லட்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையும் கேட்கும்படி தொலைபேசியை நடுவில் வைக்கவும் அனுமதிக்கட்டும்.