விலங்கைக் கண்டு வெட்கப்படாதவர்

சபையில் அப்போஸ்தலனாகிய பவுலின் இரண்டாம் தீமோத்தேயு நிருபம் வாசிக்கப்படும் ஞாயிற்றுக்கிழமைகளில், ‘ஒநேசிப்போரு’ என்ற பெயர் வரும்போது வாசிப்பவரின் நாக்கு ஒருமுறையாவது இடறும். சாமுவேல்களும் டேனியல்களும் எஸ்தர்களும் நம் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் மாடிக்கு ஒருவர் இருக்கிறார்கள். பிள்ளைக்கு ஒநேசிப்போரு என்று பெயர் வைத்த குடும்பத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. வேதாகமம் முழுவதிலும் இரண்டே இடங்களில், அதுவும் ஒரே நிருபத்தில், வந்துபோகிற மனிதர் அவர். ஆனாலும், விசுவாசத்தை வெளிப்படையாக வாழ்வது என்றால் என்ன என்ற கேள்வி எழும்போதெல்லாம், சிங்கக் கெபியிலிருந்த தானியேலுக்கு முன்பாக இவர்தான் என் நினைவில் வந்து நிற்கிறார்.

பவுல் ரோமாபுரியில் விலங்கு பூட்டப்பட்டுக் கிடந்த காலம் அது. கி.பி. 64-இல் நகரம் தீப்பற்றி எரிந்த பிறகு நீரோ அந்தப் பழியைக் கிறிஸ்தவர்கள்மேல் சுமத்தினான். பவுலின் கடைசிச் சிறைவாசத்தையும் அதையொட்டிய ஆண்டுகளில்தான் மரபு வைக்கிறது. ஆசியா என்ற ரோம மாகாணத்திலிருந்த யாவரும் தம்மைவிட்டு விலகிப்போனார்கள் என்று எழுதுகிற பவுல், பிகெல்லு, எர்மொகெனே என்று இரண்டு பேரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். அடுத்த வசனத்திலேயே ஒநேசிப்போரு வந்துவிடுகிறார்: “என் விலங்கைக்குறித்து அவன் வெட்கப்படவில்லை.” ரோமாவுக்கு வந்தபோது பவுலை மிகுந்த ஜாக்கிரதையாய்த் தேடிக் கண்டுபிடித்தாராம். அக்காலச் சிறைகளில் கைதியின் சோற்றுக்கும் துணிக்கும் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறவர்களே பொறுப்பு. ஆகவே, அந்தப் பெரிய நகரத்தில் அரசாங்கத்தின் வெறுப்புக்கு ஆளான ஒரு கைதியின் பெயரைச் சொல்லி, கதவு கதவாக விசாரித்துக்கொண்டு ஒரு வெளியூர்க்காரர் நடந்திருக்கிறார் என்பதுதான் அந்த ஒற்றை வரியின் பொருள்.

‘பயப்படவில்லை’ என்று பவுல் எழுதியிருக்கலாம். ‘வெட்கப்படவில்லை’ என்றே எழுதினார். இந்த ஒரு சொல் என்னைப் பல ஆண்டுகளாக விடாமல் பிடித்திருக்கிறது. ஏனென்றால், சிங்கப்பூரில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவனான எனக்குப் பயப்பட ஒன்றுமே இல்லை. அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு என் சமயத்தை அறிக்கையிடவும், கடைப்பிடிக்கவும், பரப்பவும் உரிமை தருகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 18.9 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். அப்படியிருந்தும், தேக்கா உணவங்காடி நிலையத்தில் சக ஊழியர்களோடு சாப்பிட உட்காரும்போது, நெற்றியைச் சொறிவதுபோல் கையை வைத்துக்கொண்டு மூன்று நொடியில் ஜெபத்தை முடித்துவிடுகிற ஆள்தான் நான். இதைப் பயம் என்று சொன்னால் உண்மையிலேயே பயந்து வாழ்கிற விசுவாசிகளுக்கு அவமரியாதை. இது வெறும் கூச்சம். நம்மில் சிலர் இந்தக் கூச்சத்துக்கு ‘உபத்திரவம்’ என்று பட்டம் சூட்டிக்கொள்வதைக் கேட்கும்போது எனக்கு எரிச்சலாக வருகிறது.

இந்தக் கூச்சத்துக்கு மருந்தாக நாம் கண்டுபிடித்திருப்பது சத்தம். நாளுக்குப் பத்து வசனம் வாட்ஸ்அப்பில் பகிர்வதும், தீபாவளிக்கு வாழ்த்துச் சொன்ன அண்டை வீட்டுக்காரரிடம் விவாதத்துக்குப் போவதும் துணிச்சல் என்று எண்ணப்படுகின்றன. பிறருடைய நம்பிக்கையை இழிவாகப் பேசுவது, 1990-இல் இயற்றப்பட்ட சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் இருப்பதால் மட்டும் தவறாகிவிடவில்லை; அந்தச் சட்டமே இல்லாதிருந்தாலும் அது தவறுதான். ஆனால் நான் சொல்ல வருவது அதுவல்ல. வேதாகமம் யாரைத் துணிந்தவர் என்கிறது என்று தேடினால், சத்தம் போடாத மனிதர்களே திரும்பத் திரும்ப அகப்படுகிறார்கள் என்பதுதான்.

அரிமத்தியா யோசேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். யூதருக்குப் பயந்து ‘அந்தரங்க சீஷனாக’ இருந்தவர் என்று யோவான் சுவிசேஷம் அவரைப்பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. அவர் ஆலோசனைச் சங்கத்தின் உறுப்பினர், செல்வந்தர். இழப்பதற்கு நிறைய வைத்திருந்தவர். இயேசு அற்புதங்கள் செய்து ஜனங்கள் திரண்ட நாட்களில் அவர் வெளியே வரவில்லை. எல்லாம் முடிந்து, கூடவே திரிந்த சீஷர்கள் சிதறி ஓடிய பிறகு, “பிலாத்துவினிடத்தில் துணிந்துபோய்” இயேசுவின் சரீரத்தைக் கேட்டார் என்கிறது மாற்கு. ராஜத்துரோகி என்று கொல்லப்பட்ட ஒருவரின் உடலை, தண்டனை விதித்த தேசாதிபதியிடமே போய்க் கேட்பது! அவரோடு சேர்ந்துகொண்டவர் நிக்கொதேமு, முன்பு இராக்காலத்தில் இயேசுவிடம் வந்துபோனவர். அடக்கத்துக்காக அவர் கொண்டுவந்த வாசனைத் திரவியங்களான வெள்ளைப்போளமும் கரியபோளமும் ஏறக்குறைய நூறு இராத்தல். ரோம இராத்தல் கணக்கில் பார்த்தால் 30 கிலோவுக்கு மேல் வரும். எருசலேம் தெருவில் அதை ஒளித்துக்கொண்டு போக முடியாது. பிணத்தைத் தொட்டவன் ஏழு நாள் தீட்டுப்பட்டவன் என்பது நியாயப்பிரமாணம். பண்டிகை நாளில் அந்தத் தீட்டையும் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். இனி தங்களுக்கு ஒன்றும் திருப்பிச் செய்ய முடியாத ஒருவருக்காக இருவரும் இருட்டிலிருந்து வெளியே வந்தார்கள் என்பதை நான் ஒவ்வொரு பெரிய வெள்ளியன்றும் யோசிக்கிறேன்.

இவர்களையும்விட எனக்கு நெருக்கமானவர் எபெத்மெலேக். எரேமியா 38-ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறார்கள். சரணடையச் சொன்ன தீர்க்கதரிசி எரேமியாவைப் பிரபுக்கள் பிடித்துத் துரவில் இறக்கிவிடுகிறார்கள். அதில் தண்ணீர் இல்லை, உளைச் சேறுதான் இருந்தது. ராஜாவாகிய சிதேக்கியாவோ, உங்களுக்கு விரோதமாக என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று அந்தப் பிரபுக்களிடம் கைவிரித்துவிட்டார். அரசனே வாய்மூடிய இடத்தில் பேசியவர் அரண்மனை ஊழியரான ஓர் எத்தியோப்பியர். அந்நிய நாட்டவர், அண்ணகர். எபெத்மெலேக் என்றால் ‘ராஜாவின் வேலைக்காரன்’ என்று பொருள். அது பெற்றோர் வைத்த பெயர்தானா என்பதே சந்தேகம். ராஜா அப்போது பென்யமீன் வாசலில் வீற்றிருந்தார். நகர வாசல் என்பது ஊரே கூடும் இடம். அரண்மனைக்குத் திரும்பட்டும், தனியாகப் பார்த்துக் காதில் போடலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. வாசலுக்கே போய், இந்த மனிதர்கள் செய்தது தகாத காரியம் என்று ராஜாவிடம் சொன்னார்.

அதற்குப் பின் வருகிற விவரம்தான் என்னைக் கலங்க வைப்பது. முப்பது பேரோடு போனவர், வழியில் அரண்மனைப் பொக்கிஷ அறையின் கீழிருந்த அறைக்குள் நுழைந்து, பழம்புடவைகளையும் கந்தைத் துணிகளையும் பொறுக்கிக்கொண்டார். கயிறு அறுக்காமலிருக்க அவற்றை அக்குளில் வைத்துக்கொள்ளும்படி எரேமியாவுக்குச் சொன்னார். உயிரைப் பணயம் வைத்துப் பேசிய மனிதருக்கு, பட்டினி கிடந்த ஒருவரின் அக்குள் தோல் உரிந்துவிடக்கூடாது என்ற நினைப்பும் இருந்திருக்கிறது. அடுத்த அதிகாரத்தில் அவருக்கு ஒரு வாக்குத்தத்தம் வருகிறது: நீ பயப்படுகிற மனிதரின் கையில் ஒப்புக்கொடுக்கப்படமாட்டாய். அவர் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

வெளிப்படையாக நிற்பதே எப்போதும் சரி என்று நான் வாதிடவில்லை. ராஜாவாகிய ஆகாபின் அரண்மனை விசாரிப்புக்காரனாகிய ஒபதியா, நூறு தீர்க்கதரிசிகளை ஐம்பது ஐம்பது பேராகக் கெபியில் ஒளித்து, நாடு வறண்டு கிடந்த காலத்தில் அப்பமும் தண்ணீரும் கொடுத்துக் காப்பாற்றினான். அங்கே மறைவாயிருந்ததே விசுவாசம். எது அடக்கம், எது ஒளிந்துகொள்ளல் என்பது அவரவர் மனச்சாட்சிக்குத் தெரியும். எனக்கு என்னுடையது தெரிகிறது.

இந்த ஊரிலும் இப்படிப்பட்ட வரலாறு உண்டு. ஜப்பானிய ஆட்சியின்போது எலிசபெத் சோய் என்ற ஆங்கிலிக்கக் கிறிஸ்தவப் பெண்மணி, கணவரோடு சேர்ந்து மருத்துவமனைச் சிற்றுண்டிச்சாலை நடத்திக்கொண்டே, சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்தவர்களுக்குப் பணமும் மருந்தும் வானொலிப் பாகங்களும் போய்ச் சேர வழிசெய்தார். 1943-இல் பிடிபட்டு, ஆர்ச்சர்ட் சாலைப் பக்கம் ஜப்பானிய இராணுவக் காவல் படையான கெம்பெத்தாய் கைப்பற்றியிருந்த ஒய்எம்சிஏ கட்டடத்தில் ஏறக்குறைய 200 நாட்கள் வதைக்கப்பட்டார். போருக்குப் பிறகு, தம்மை வதைத்தவர்களைக் காட்டிக்கொடுக்க அவர் மறுத்தார். தமிழ் ஞாயிறு பள்ளிகளில் இவரைப்பற்றி ஒரு வரி சொல்லித்தரக் கூடாதா என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

அண்மைக் காலத்தில் நான் கண்டது ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபைக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த இளைஞர் போதைப்பொருள் வழக்கில் சிறைக்குப் போனார். சபையில் ஒருவரும் கடுமையாகப் பேசவில்லை. ஜெபக் குறிப்பில் ‘ஒரு குடும்பத்துக்காக’ என்று பெயரில்லாமல் சேர்த்தோம். ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது அந்தத் தாயாரைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடம் காலியாகவே இருந்தது. நானும் விலகி நின்றவன்தான். என்ன பேசுவதென்று தெரியவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் சபையில் உண்டு. சாட்சி சொல்ல மேடை ஏறினால் வார்த்தை வராமல் இறங்கிவிடுவார். ஒருநாள் எம்ஆர்டி ரயிலில் அவரைப் பார்த்து, “எங்கே அங்கிள், வெயிலில்?” என்று கேட்டேன். “சாங்கிக்கு, தம்பி. அந்தப் பையனைப் பார்க்க. அனுமதி கிடைக்கிறபோதெல்லாம் போவேன்” என்றார், பெட்டியிலிருந்த மற்றவர்களுக்கும் கேட்கும்படியாக. நான்தான் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

அந்த இளைஞர் வெளியே வந்த பிறகு முதல் ஞாயிறன்று ஆராதனைக்கு வந்தார். முதல் பாடல் முடியும் தறுவாயில் கதவருகே தயங்கி நின்றார். முன்வரிசைக்கு அடுத்த வரிசையில், பெரியவர் தம் பக்கத்து இருக்கையின் மேலிருந்த வேதாகமத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, திரும்பி, எல்லாரும் பார்க்கக் கையை உயர்த்தி அவரை அழைத்தார். நான் மூன்று வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்து இருக்கையும் காலியாகத்தான் இருந்தது.